சுவரில் தொங்கும் மேயர்கள்

அன்பு அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? முள்ளியவளையில் மழையா?

அமெரிக்காவில் நான் கூட்டித் துடைக்கும் இந்தச் சிறிய நகரசபையில், அந்தக் காலத்துத் தாடிக்காரர் தொடங்கி முன்னாள் மேயர்கள் எல்லோரின் படங்களும் வரிசையாகத் தொங்குகின்றன. சுவரில் படமென்றால் இறந்தவர் என்றுதானே எங்களுக்குத் தெரியும். நேற்று, கூட்டமேசையில் மிஞ்சிய பூவைக் கடைசிப் படத்தில் செருகினேன். பின்னால் ஒரு கிழவர் சிரித்தார். படத்தில் இருந்தவரே அவர்தான். நானும் சிரித்துவைத்தேன்.

போன கிழமை தொலைபேசியில், "காணாமல்போன உன்ர அண்ணன்ர படத்துக்கு மாலை போடச் சொல்லி மாமா ஒற்றைக்காலில நிக்கிறார், போடட்டோ?" என்று கேட்டீர்கள். நான் "ஓம்" என்றேன்.

வேலைக்கு நேரமாகிறது. மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கோ. மாலை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கோ, அம்மா.

உங்கள் மகள்,
தயாளினி