இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை

என் குரலை நாள் தவறாமல் கேட்ட நிஸார் நானாவுக்கு,

சுகமா என்று கேட்க வழியில்லாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் இங்கத்தைய செய்தி புதினத்தைச் சொல்கிறேன். அக்குறணையில் மழை விட்டிருக்கிறது. உங்கள் போட்டோக்கொப்பிக் கடையை இப்போது உங்கள் மச்சான் பார்க்கிறார், கொப்பியெல்லாம் கொஞ்சம் சாய்ந்துதான் வருகிறது. கட்டுகஸ்தோட்டையில் என் கூரைமேல் அன்டனா இன்னும் நிற்கிறது. காகம் ஒன்று அதில் கூடு கட்டப் பார்த்தது, என் மனைவி மலர் தடியோடு போய் விரட்டிவிட்டாள்.

இதை ஏன் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். உங்களைப் பற்றி நான் பேசிய பேச்சு நாலு பேர் காதில் விழுந்தது. மன்னிப்பை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டினால் அது நியாயமா?

நம் இரண்டு பேரையும் அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த கதையைத் திரும்பக் கேட்பதில் உங்களுக்கு ஒருநாளும் சலிப்பு இருந்ததில்லை.

நான் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளன். பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதற்கு அரசாங்க அனுமதி பெற்றவன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் சீட்டு வாங்கி ஆகாயத்தில் பேசுகிறான் என்ற பெருமையில், அந்த அனுமதிப்பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியவன். மலர் விளக்கேற்றும்போது அதற்கும் சேர்த்துத்தான் வெளிச்சம் விழும். அந்த அனுமதிக்கான விண்ணப்பப் படிவத்தைக் கொப்பி எடுக்கத்தான் முதன்முதல் உங்கள் கடைக்கு வந்தேன். அப்போது எனக்கு அக்குறணையில் வேலை. படிவத்தைத் தலைகீழாக மெஷினில் வைத்துவிட்டு, "ரேடியோவா தம்பி?" என்று கேட்டீர்கள். பின்னால் நின்றவர்களெல்லாம் முணுமுணுக்க, அரை மணித்தியாலம் பேசினோம்.

உங்களிடம் பேசும் பெட்டி இல்லை. கேட்கும் பெட்டி மட்டுந்தான். ரிசீவரின் முதுகிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல ரிசீவர் ஒவ்வோர் அலைவரிசையாகக் கதவு தட்டிக்கொண்டே போகும். எங்கே குரல் இருக்கிறதோ அங்கே நிற்கும், பேச்சு முடிந்தால் மறுபடி நடக்கும். யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று திரையில் ஒரு வரி தானாக விழும், குரலும் பதிவாகும். இதையெல்லாம் நீங்களே தட்டுத்தடுமாறி ஒழுங்கு செய்தீர்கள். எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் இன்றைக்கும் கொஞ்சம் பயந்தான்.

அலைவரிசையின் எண்ணை நீங்கள் எழுதி வைத்ததே இல்லை. அங்கே வழக்கமாகப் பேசுகிற ஆளைப் பார்த்துப் பெயர் வைப்பீர்கள். கெலிஓயா நண்பருக்கு 'இருமல்'. கொழும்பில் எல்லா வாக்கியத்தையும் ஹலோவில் தொடங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு 'ஹலோ மாஸ்டர்'. எனக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லை, 'தம்பி' என்று போட்டிருந்தீர்கள்.

எனக்குக் கண்டிக்கு மாற்றம் கிடைத்த பிறகு நம் உறவு காற்று வழியாகத்தான் நடந்தது. மாலை ஐந்தரைக்கு, நீங்கள் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்புமுன், நான் என் வானொலி செட்டைப் போட்டுச் சோதனை அழைப்பு ஒன்று கொடுப்பேன். உங்களால் பதில் பேச முடியாது. அதனால் உங்கள் வீட்டுத் தொலைபேசியிலிருந்து என் கைத்தொலைபேசிக்கு மிஸ்கோல் வரும். ஒரு மணி அடித்து நின்றால் தெளிவு, இரண்டு மணி அடித்தால் இரைச்சல். எடுத்துவிடக் கூடாது, அது நம் சட்டம். மலர் அதைக் கேட்டுத்தான் அடுப்பில் சோற்றை வைப்பாள்.

நீங்கள் அனுமதிப் பரீட்சை எழுதாமல் இல்லை. இரண்டு தரம் எழுதினீர்கள், இரண்டு தரமும் கிடைக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடித் தேநீர்க்கடையில் வைத்து அதை எனக்கு மட்டும் சொன்னீர்கள். "வீட்டுலயும் தெரியாது தம்பி, நமக்குள்ளயே ஈக்கட்டும்" என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் நீங்கள் தொலைபேசியில், நான் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு பேசுவதாகவும் பாதிச் சொல் விழுங்கப்படுவதாகவும் சொல்லியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றைய அழைப்பை அரைகுறையாக முடித்து, மைக்கைக் கதிரையில் எறிந்துவிட்டு, அதே கதிரையில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தேன். மைக்கின் பொத்தான் என் பாரத்தில் அமுங்கியது எனக்குத் தெரியாது. செட் பேச்சை அனுப்பிக்கொண்டே இருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த மலர், நானா சொன்னது சரிதானே என்றாள். அவ்வளவுதான், அவிழ்த்துவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

"அவருக்கு என்ன தெரியும்? ரெண்டு தரம் சோதனை எழுதி ரெண்டு தரமும் பெயிலான மனுசன். கம்ப்யூட்டர்ல பொத்தான அமுக்குனா ரேடியோக்காரனாகிடுவாரா? நான் பேசலன்னா அவருக்குக் கேக்கிறதுக்கு என்ன இருக்கு?"

இதோடு நின்றதா? நிற்கவில்லை. உங்கள் கடை, உங்கள் கதை, ஒன்றையும் விடவில்லை. மலர் போதும் போதும் என்று சொல்லியும் கேட்காமல் பேசினேன். கெலிஓயா நண்பரின் தொலைபேசி வந்தபோதுதான் வாயை மூடினேன். அவர் சிரிக்கவில்லை. "சந்திரன், கொஞ்சம் எழும்புங்க. ஒங்க மைக் மேல உக்காந்திருக்கீங்க. பதினாலு நிமிசமாப் போய்க்கிட்டு இருக்கு" என்றார்.

எழுந்தேன். மெத்தையைத் தூக்கினேன். அது அங்கேதான் இருந்தது, சூடாக.

அன்றைக்கு ஒரு மணியும் அடிக்கவில்லை, இரண்டு மணியும் அடிக்கவில்லை.

அடுத்த நாளே அக்குறணை பஸ்ஸில் ஏறி வந்து உங்கள் முன்னால் நின்றிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? செட்டின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினேன். முதல் வாரம் வெட்கம். இரண்டாம் வாரம், நீங்களே தொலைபேசியில் கூப்பிட்டு நாலு ஏச்சு ஏசுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கூப்பிடாமல் போகவே, ஏசக்கூட மனமில்லாதவர் என்று உங்கள் மேலேயே கோபப்படத் தொடங்கினேன். குற்றம் செய்தவனுக்கு ரோசம் வந்தால் இப்படித்தான். ஒருநாள் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் உங்களைக் கண்டேன். கையில் காகிதக் கட்டோடு பஸ்ஸுக்கு நின்றீர்கள். ஐம்பது வயது தாண்டிய நான் தம்பிலி இளநீர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். வண்டிக்காரர் சிங்களத்தில் ஒன்று வெட்டவா என்று கேட்டார். குடிக்க மனமில்லாமல் குடித்தேன்.

அப்படி ஏழு மாதம் போனது. ஒரு காலையில் கடையைத் திறக்கும்போதே உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது என்று கெலிஓயா நண்பர்தான் சொன்னார். ஜனாஸாவுக்கு வந்தேன். மையவாடியில் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். மற்றவர்கள் மூன்று பிடி மண் போட்டார்கள், நான் முன்னால் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

உங்கள் மனைவி, எனக்கு ராத்தா, நாலு மாத இத்தாத் துக்கம் இருந்து முடித்த பிறகு, போன வாரம் மச்சானிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரும் ரிசீவரும் சும்மா கிடப்பதாகவும் வந்து கழற்றிக்கொண்டு போகும்படியும் சொன்னாராம். போகாமலிருக்க மூன்று காரணம் யோசித்தேன். மலர் மூன்றையும் கேட்டுவிட்டு என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

உங்கள் முன்னறையில் மச்சான் என்னோடு உட்கார்ந்தார். ராத்தா உள்வாசலில் கதிரை போட்டு இருந்தார். கழற்றுமுன் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்கலாமென்று, கழன்று கிடந்த கேபிளை மாட்டினேன். ரிசீவரைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. கழற்றி மாட்டினேன். திரும்பவும் காணவில்லை. அனுமதிப்பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டவன் வியர்த்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளிருந்து ராத்தா சொன்னார், சிவப்பு டேப் ஒட்டிய துளையில் போடச் சொல்லி. வேறு துளையில் போட்டால் கம்ப்யூட்டர் அதற்கு வேறு நம்பர் கொடுத்துவிடுமாம், பிறகு ரிசீவரை அடையாளம் தெரியாதாம். உங்கள் வாய்ப்பேச்சு அப்படியே அவர் வாயில் வந்தது. அவர் சொன்னபடி போட்டேன், ரிசீவர் உயிர்த்தது.

அப்போதுதான் ராத்தா இன்னொன்றும் சொன்னார். கடையில் ஆள் நிறைந்து நீங்கள் வரப் பிந்திய நாட்களில் என் குரலைக் கேட்டு மிஸ்கோல் கொடுத்தது அவராம். அத்தனை வருடம் எனக்குப் பதில் சொன்னது இரண்டு பேர் என்று நான் எப்படி நானா அறிவேன்?

அப்படியானால் அந்த நாளும் அவர் கேட்டிருப்பாரா? நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

"அன்டைக்கி நானும்தான் கேட்ட தம்பி. அவருக்கு மனசு மிச்சம் நொந்திச்சி, பொய் சொல்ல ஏலாது. தொழுகைக்கி ஒழு எடுத்துட்டுப் பள்ளிக்கிப் பொய்ட்டாரு."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் பதிவு வரிசை திறந்திருந்தது. 'தம்பி' என்ற பெயருக்கு நேரே கடைசி வரி அந்த நாள்தான், பதினாலு நிமிடம். மற்ற நாட்களில் என் குரலெல்லாம் ஒலிப்பதிவாக அப்படியே இருக்கிறது. அந்தப் பதினாலு நிமிடத்தை மட்டும் அழித்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நான் பேசவுமில்லை, என் பெயரில் வரியும் இல்லை. இனி என் அலைவரிசையைத் தாண்டிப் போகச் சொல்லி ரிசீவருக்குக் கட்டளை போட்டிருப்பீர்கள், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, கழற்றக் கை வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ரிசீவரில் ஹலோ மாஸ்டர் பேச வந்தார். ஆனால் அவர் பேச்சு ஒழுங்காக வரவில்லை. கொஞ்சம் பேசுவார், 'டிக்' என்று ஒரு வெட்டு விழும், திரும்பப் பேசுவார், திரும்ப 'டிக்'. மெஷின் பழுதாகிவிட்டது என்றார் மச்சான்.

"அது பழுதில்ல" என்றார் ராத்தா. "ஏன் இது விட்டு விட்டுப் பேசுதுன்டு நானும் அவர்ட்ட கேட்ட. 'தம்பி வந்திட்டாரான்டு பாத்திட்டு வருது'ன்டு சென்னாரு."

எனக்குப் புரிந்தது, நானா. ரிசீவரில் அப்படி ஒரு வசதி உண்டு. ஓர் அலைவரிசையை முதன்மையாகக் குறித்து வைத்தால், வேறு யார் பேசிக்கொண்டிருந்தாலும் இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை அது அங்கே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரும். பட்டியலில் தேடினேன். அந்தக் குறி 'தம்பி'க்குப் பக்கத்தில் இருந்தது. அதை எப்போது போட்டார் என்று கேட்டேன். நான் பேசாமல் விட்ட பிறகுதான் என்றார் ராத்தா. வீட்டில் கரண்ட் இருந்த நேரமெல்லாம் அது ஓடியதாம். அது எத்தனை தடவை என் வாசலுக்கு வந்து திரும்பியிருக்கும் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

நான் பேசாவிட்டால் உங்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது என்று கேட்டேனே. அந்தக் கேள்வி இப்படித் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை. உங்கள் முன்னறையில் உட்கார்ந்து, மச்சான் பார்க்க, வாய்விட்டு அழுதேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். 

நான் எதையும் கழற்றவில்லை. சிவப்பு டேப் துளையில் கேபிள் இருந்தபடியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். ராத்தா சரி என்றார்.

நேற்று மாலை துவாயை எடுத்துத் தூசி தட்டினேன். மலர் கதிரையிலிருந்த மெத்தையை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள், அவளுக்கு என்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஐந்தரைக்குச் செட்டைப் போட்டேன். என் அழைப்புக்குறியைச் சொன்னேன். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குக் கேட்ட எல்லோரும் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நிஸார் நானா எனக்கு மட்டும் சொன்ன ஒரு விசயத்தை நான் ஊருக்குச் சொன்னது துரோகம் என்றேன். இந்த அலைவரிசையில் அவரைப்போல் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை என்றேன். பிறகு பொத்தானை விட்டுவிட்டேன். கெலிஓயா நண்பர் ஒரு தடவை இருமினார்.

மேசைமேல் தொலைபேசி கிடந்தது. நானும் மலரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் திரையில் உங்கள் வீட்டு நம்பர், உங்கள் பெயரில், வந்தது. ஒரு மணி அடித்து நின்றது. மலர் உள்ளே போய் அடுப்பில் சோற்றை வைத்தாள்.

நானா, இனி ஒவ்வொரு நாளும் ஐந்தரைக்கு வருவேன். காய்ச்சல் என்றாலும் வருவேன், கோபம் என்றாலும் வருவேன். மைக்கை ஆணியில் மாட்டிய பிறகுதான் கதிரையில் உட்காருவேன். உங்கள் பெட்டி பார்க்க வரும் நேரத்தில் என் வாசல் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
பிந்தி வந்து சேர்ந்த உங்கள் தம்பி,
கட்டுகஸ்தோட்டைச் சந்திரன்