மீதி மாத்திரை

6-5-2004
மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குப் போக்கில்லை. காசிமேட்டில் போட் பழுது பார்க்கும்போது என் வீட்டுக்காரர் சாலமன் உள்ளங்கையில் இரும்பு ரோப்பின் பிசிறு ஏறிவிட்டது. போட் டிரைவர் வெள்ளத்துரை வழக்கம்போல் போட்டில் மருந்து போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார்.

8-5
வீக்கம் வற்றியதும் மீதி கேப்ஸ்யூலை டப்பாவிலேயே திருப்பிப் போட்டுவிட்டாராம். அந்தப் போட்டில் அதுதான் மரியாதை. அட்டையை முழுசாகத் தின்கிறவன் பேராசைக்காரன். "அடுத்தவனுக்கு ஒதவும்மே" என்கிறார். பெரிய வள்ளல்!

15-5
குளிர்க்காய்ச்சல். மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

18-5
ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. காயத்தில் நுழைந்த ஸ்டெஃப் கிருமி இதய வால்வில் உட்கார்ந்து அதை அரிக்கிறதாம். வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் சாகாத ஜாதி. "அரைகுறையா மருந்து சாப்பிடற இடத்துலதாம்மா இதெல்லாம் வளருது" என்றார் டாக்டரம்மா. வேறு மருந்து, டிரிப்பில் மட்டும், ஆறு வாரம். நடுவில் விட்டால் வால்விலிருந்து துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போகலாம்.

எத்தனை வருஷமாக எத்தனை பேர் அந்த டப்பாவில் கை விட்டிருப்பார்கள்!

19-5
வெள்ளத்துரை ஆரஞ்சோடு வந்தார். அந்த டப்பாவைச் சொல்லிப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"நான் இன்னாம்மா பண்ட்டேன்? எங்க நைனா காலத்துலேர்ந்து இப்டிதான குடுக்குறோம்."

பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

26-5
காய்ச்சல் விட்டது. அதுதான் இப்போது பயம். தடை முடிந்து கடலுக்குப் போகிற முதல் நடைக்கு வராதவனுக்கு அந்த வருஷம் போட்டில் இடமில்லை என்று காலையிலிருந்து ஒரே பாட்டு. உயிர் இருந்தால்தானே இடம் என்றேன்.

"இப்போ நல்லாதானமே கீறேன்?"

30-5
போய்விட்டான்! நான் டீ வாங்கப் போன நேரத்தில் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு — யாரைக் கேட்டுப் போனே? ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் போட் துறைமுக வாய் தாண்டிவிட்டது. பாவிங்களா, ஏத்திக்கினு போறீங்களே, ஒருத்தனுக்குக்கூடவா கண்ணு தெரில? கையில பிளாஸ்திரி அப்டியே கீதேடா!

1-6
வயர்லெஸ்ஸில் சேதி. இவருக்குப் பேச்சு குழறி வலது பக்கம் விழுந்துவிட்டதாம். போட் திரும்புகிறது.

5-6
அதே வார்டு. அதே மருந்து, மறுபடி முதலிலிருந்து. வால்வை மாற்ற வேண்டுமாம். மூளை கொஞ்சம் தேறட்டும் என்கிறார் டாக்டரம்மா. வலது கை அசையவில்லை.

இவருக்காக வெறும் போட்டைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார் வெள்ளத்துரை. அத்தனை பேருக்கும் முதல் நடை போயிற்று. கட்டில் ஓரம் நின்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

சாலமன் கண் திறந்தார். கோணிய வாயால் மெல்லக் கேட்டார்: "மீனு... பட்டுச்சா?"

அறையலாம்போல் வந்தது. இந்த நிலைமையில் கேட்கிற கேள்வியா இது?

"நெறைய பட்டுச்சு. வாய மூடிக்கினு படு" என்றேன்.

வெள்ளத்துரையும் ஆமாம் என்று தலையாட்டினார்.