பொட்டு வெச்ச இடம்

கிணத்துக்கடவு,
12.3.1999

அன்பு மகன் மதன்குமாருக்கு அப்பா எழுதிக்கிறது. மாரியாத்தா புண்ணியத்துல நானும் உன்ற அம்மாளும் கைகாலு சொகமா இருக்கறோம், அங்க டல்லஸ்ல நீயும் கிருபாவும் அப்படியே இருக்கோணும். கல்யாணம் ஆனதுல இருந்து போட்ட காயிதத்துலயெல்லாம் உன்னைய மட்டுந்தான் விசாரிச்சேன், மருமக பேர ஒருக்காக்கூட எழுதல, அது உனக்குத் தெரியாமயா இருக்கும். இங்க மழையில்ல, தேங்காயெல்லாம் சிறுத்துப்போச்சு. உங்கம்மாளுக்கு முழங்கால் வலி, சொன்னாக் கேக்காம களத்துக்கு வந்து கொப்பரையத் திருப்பிப் போட்டுட்டுத்தான் இருக்கறா. ஆனா இதையெல்லாம் சொல்றதுக்கு நான் உக்காரல. நீ எங்களுக்குன்னு உட்டுட்டுப் போன பழைய லேப்டாப்பு சரியாகிப்போச்சு, அதச் சொல்லத்தான் எழுதறேன், சொல்றதுக்குத்தான் வெக்கமா இருக்குது.

ஆயுத பூசையன்னிக்கு நீ சித்தப்பன் ஊட்டுக்குப் போயிருந்தே, அதனால உனக்குப் பாதிதான் தெரியும். டிராக்டரு, மோட்டாரு, தராசு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுப்போட்டுக் கடைசியா லேப்டாப்புக்கு வந்தேன். கிருபா பக்கத்துல வந்து, ஈரம் உள்ள போனாக் கெட்டுப்போயிருமுங்க மாமா, மூடி மேல மட்டும் வெய்யுங்கன்னு மெதுவாத்தான் சொன்னா. ஒரம்பரைக, சொந்தபந்தம் அத்தன பேரு நிக்கறாங்க, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ள நம்ம பூசைக்குக் குறுக்க பேசறாளேன்னு எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. வேணும்னே மூடியத் தொறந்து, திரைக்குக் கீழ அரிசியாட்டம் துருத்திட்டு இருந்த இடத்துல சந்தனத்த அப்பிக் குங்குமமும் வெச்சு மூடுனேன். அடுத்த நாள் காலைல பாத்தா லைட்டு எரியுது, உள்ள கர்ருன்னு சத்தம் வருது, திரை மட்டும் இருட்டு. நான் என்ன பேசுனேன்னு நீயே கேட்டே. சாமிக்கு வெச்ச பொட்ட வேண்டாம்னவ கை பட்டுத்தான் அது கண்ணவிஞ்சு போச்சுன்னேன். பொழுதோட ரெண்டு பேரும் பொட்டியக் கட்டீட்டீங்க, நானும் இருங்கன்னு சொல்லல. எந்த வாயி அதச் சொல்லுச்சோ அதுல மண்ணு உழுகோணும்.

பொறவு பழைய டிவிய அடிக்கற மாதிரி பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டிப் பாத்தேன். டிவி மெக்கானிக் பாலுசாமி வந்து பிக்சர் டியூப்பு போயிருச்சுங்கன்னான், அதுல டியூப்பே கெடையாதாம். அதோட பீரோவுல போட்டுப் பூட்டிப்போட்டேன். தைப்பொங்கல் நோம்பிக்கும் உன்ற போன் வரலீன்னு உங்கம்மா சோறு திங்காம உக்காந்துட்டா. அதுலயாவது உனக்கு மெயில் அனுப்பலாம்னு அவளுக்காவதான் போன வாரம் அதத் துணில சுத்தி எடுத்துட்டு காந்திபுரத்துல பாலகோபால்னு ஒருத்தரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். என்ன ஆச்சுங்கன்னு கேட்டாரு, மருமக கை பட்டுக் கெட்டுப்போச்சுங்கன்னு அங்கயும் சொன்னேன் கண்ணு. அவரு கடையில இருந்த பெரிய திரைல மாட்டுனாரு, எல்லாம் பளிச்சுன்னு வந்துது. இதோட திரையில டார்ச்ச சாச்சு அடிச்சாரு, எழுத்து மங்கலாத் தெரிஞ்சுது. படம் வருதுங்க, பின்னால வெளிச்சந்தான் இல்லீங்கன்னாரு. அப்பறம் அந்த அரிசியக் குண்டூசில சொரண்டுனாரு. அது பொத்தானாம். மூடுனா அமுங்கும், தொறந்தா எந்திரிக்கும். அமுங்குன நெலையிலயே சந்தனம் காஞ்சு இறுகி, மூடித்தான் இருக்கறேன்னு மிசினு அஞ்சு மாசமா நெனச்சுட்டு இருந்திருக்குது. ஸ்பிரிட்டுத் தொட்டுத் தொடச்சதும் பொத்தான் மேல வந்துது, வெளிச்சமும் வந்துது. ஏனுங்க, யாருங்க இதுக்குச் சந்தனம் அப்புனதுன்னு சிரிச்சாரு. நாந்தானுங்கன்னு சொல்லிப்போட்டுத் தலையக் குனிஞ்சுட்டேன்.

திரைல மாமாவுக்குன்னு பேரு போட்டு ஒரு ஃபைலு இருந்துது, அதத் தொறந்து காட்டுனாரு. இங்கிலீசு எழுத்துல தமிழா, எந்தப் பொத்தான அமுக்கோணும், டல்லசுக்கு எப்படி மெயில் அனுப்போணும்னு எனக்காவ கிருபா அடிச்சு வெச்சிருக்கறா. பூசைக்கு முந்துன நாள் தேதி போட்டிருக்குது. கடைசி வரி, வாரம் ஒருக்கா எழுதுங்க மாமா, எனக்கும் ரெண்டு வரி எழுதுங்கன்னு. பஸ்ஸுல வரும்போது அத மடில வெச்சுட்டு அழுதேன். பக்கத்துச் சீட்டுக்காரரு ஏனுங்க சாவு ஊடுங்களான்னு கேட்டாரு.

அவளுக்கே நேரா எழுதலாம்னு மூணு தாளு கிழிச்சேன், கை ஓடல. நீ இதப் படிச்சுப்போட்டு மறச்சு வெக்காத, அவ கையில குடு. மாமன் பேசுனது தப்பு அம்மணி, மன்னிச்சுப்போடு. உடனே மனசு வராட்டியும் பரவால்ல, நான் காத்துட்டு இருக்கறேன்.

ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்க, கார மெதுவா ஓட்டு. உங்கம்மா தெனமும் உங்க ரெண்டு பேரு பேருக்கும் வெளக்கு வெக்கறா, என்ற ஆசீர்வாதமும் ரெண்டு பேருக்குந்தான். ஒண்ணு மட்டும் மறந்துறாத. வர்ற ஆயுத பூசைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு எங்க வெக்கோணும்னு கிருபாவ வந்து காட்டச் சொல்லு, அங்கதான் வெப்பேன்.

இப்படிக்கு,
உன்ற அப்பன், கிருபாவுக்கு மாமன்,
குமாரசாமி