பிரிஜித்தின் கடைசிப் பக்கங்கள்

கலாக்குட்டி, என் கண்ணே,

மரக்காணத்தில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உப்பளமெல்லாம் தண்ணீருக்கடியில். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. வானம் மொத்தமும் இறங்கித் தரையில் படுத்துக் கிடக்கிறது. பள்ளிக்கூட ஜன்னல் வழியே பார்க்கிறபோது, இது எந்த நாடு என்று எனக்கே கொஞ்ச நேரம் குழம்பிவிடுகிறது. நீ இருந்தால் "அயர்லாந்துதான்க்கா" என்று சொல்லியிருப்பாய்.

உன் எட்டாம் வகுப்பு இப்போது என்னிடம்தான். புது டீச்சர் வருகிற வரைக்கும் வரலாற்றையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கணக்கு டீச்சருக்கு வந்த வாழ்வைப் பார்! "கதை விட்டே சம்பளம் வாங்குறடி நீ" என்று உன்னை எத்தனை முறை கிண்டல் பண்ணியிருப்பேன். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நீ வகுப்பில் படித்துக்காட்டிப் பாதியில் வைத்துவிட்டுப் போன ஆங்கில நாவலைப் பிரித்து, வரிக்கு வரி தமிழில் நானும் கதை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

அயர்லாந்துப் பஞ்சத்தைப் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் வருஷத்தை மனப்பாடம் செய்வார்கள், அந்த நாவலில் வரும் சிறுமி பிரிஜித்தோடு ஒரு வேளை பட்டினி கிடந்தால் கேள்வி கேட்பார்கள் என்பாய். கேட்கத்தான் செய்தார்கள். உருளைக்கிழங்கு வயலிலேயே அழுகிப்போய், அவள் வீட்டில் அடுப்பு எரியாத அத்தியாயத்தை நீ படித்த அன்று, அனுமந்தைக் குப்பத்திலிருந்து வரும் செல்வி எழுந்து நின்றாளாம். "சுத்தி கடல்தானே டீச்சர்? மீன் புடிச்சித் தின்ன வேண்டியதுதானே?" நீ அடுத்த அத்தியாயத்தைப் படித்தாயாம். அதில் பிரிஜித்தின் அப்பா வலையை விற்று மாவு வாங்கி வருகிறார். செல்வி உட்கார்ந்துவிட்டாள் என்று வீட்டுக்கு வந்து சொன்னாய். வலை போன வீடு எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்காவுக்குப் போகிற கப்பலில் பிரிஜித்துக்குக் காய்ச்சல் கண்ட இடத்தில், ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்துவிட்டு நீ புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனாய். "நாலு நாள்ல வந்துடுறேன்க்கா" என்றாய்.

அகராதியைப் புரட்டிப் புரட்டி மீதியைப் படித்துப் பார்த்தேன். கரை தெரிவதற்கு முந்தின நாள் பிரிஜித் செத்துப்போகிறாள். யூனிஃபார்மோடு உன் சாவுக்கு வந்து, வாசலில் வரிசையாக நின்ற பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் போய் இன்னொருத்தியையும் எப்படிச் சாகடிப்பேன்? தப்பான விடைக்கு அரை மார்க்கூடப் போடாதவள் நான். ஆனாலும் இந்த ஒன்றை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நேற்று அந்தப் பக்கம் வந்தது. ஓட்டின் மேல் தூறல். பாதிப் பிள்ளைகள் டெஸ்க்கில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பறையே மெல்ல ஆடுகிற மாதிரி இருந்தது எனக்கு. புத்தகத்தைப் பார்த்தபடியே, அதில் இல்லாததைப் படித்தேன். "காய்ச்சல் இறங்கியது. பிரிஜித் கண் திறந்தாள். தூரத்தில் கரை தெரிந்தது."

செல்விதான் எழுந்தாள்.

"அப்பிடி இல்ல டீச்சர். அவ செத்துடுவா."

"உனக்கு யாருடி சொன்னது?"

"கலா டீச்சர்தான். கடைசியா வந்தப்ப சொல்லிட்டாங்க. 'நான் இனிமே வரமாட்டேன், எங்க அக்காதான் வந்து படிப்பாங்க. பிரிஜித் சாவுற எடத்த அவங்களால படிக்க முடியாது, பொழைச்சிட்டான்னு மாத்திடுவாங்க. நீங்க வுடாதீங்க, கூட இருந்து படிக்க வைங்க'ன்னாங்க."

அடிப்பாவி! இத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்த உனக்கு, என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? நீ திரும்பி வந்து உடுத்துவாய் என்று உன் புடவைகளை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி அடுக்கி வைத்திருந்தேனே. சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்றா நினைத்தாய்? தாங்கியிருக்க மாட்டேன்தான்.

எழுத்தெல்லாம் கலங்கிப்போயிற்று. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "படிங்க டீச்சர், நாங்க இருக்கோம்" என்றான். படித்தேன். ஒரு வரி விடாமல், உள்ளதை உள்ளபடி. பிரிஜித்தைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். செல்வி அழுதாள், நானும் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "பிரிஜித்தோட ஊரே பட்டினி கெடக்கும்போது தானிய மூட்டைங்க கப்பல்ல வெளிய போச்சே டீச்சர், அத யாரு அனுப்புனது?"

எனக்குத் தெரியவில்லை, கலா. திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறேன். எந்தப் புத்தகத்தில் தேடுவது?

புது டீச்சர் வந்தாலும் இந்தப் பீரியடை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் முதல் பக்கத்தில் பிரிஜித் உயிரோடு வருவாள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவளைக் கடைசி வரைக்கும் கூடவே போய் வழியனுப்பி வைப்பேன். உன்னைத்தான் அப்படி அனுப்ப நீ விடவில்லை. இனி ஒரு வரியையும் மாற்ற மாட்டேன், சத்தியம்.

உன் அக்கா,
எட்டாம் வகுப்பு வரலாற்று டீச்சர்