மேற்பார்வையாளர் விழிப்பில் இருக்கிறார்

நாள் 418, காலை 07:10
சனியின் நிலவு, சுரங்க நிலைய மருத்துவப் பிரிவு. பதிபவர்: ஜெபமணி, மயக்கவியல் உதவியாளர்

மயக்க மருந்து இயந்திரம் சோதிக்கப்பட்டது. ஆக்சிஜன் சரி. கசிவு இல்லை. இன்று அறுவை சிகிச்சை எதுவும் இல்லை.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் மருத்துவர் அல்ல. மயக்கவியல் மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் மயக்கம் கொடுக்க உரிமம் பெற்றவள். இங்கே அந்த மருத்துவர் டாக்டர் உமையாள். அவர் மணிக்கட்டில் ஒரு பட்டை உண்டு. அவர் விழித்திருக்கிறாரா என்று அது இயந்திரத்துக்குச் சொல்லும். அவர் விழித்திருந்து, "போடு" என்று வாயால் சொன்னால்தான் மருந்து திறக்கும். கண்ணயர்ந்தால் மூடிக்கொள்ளும். பட்டை வேறு யார் கையிலும் வேலை செய்யாது, பதிவு செய்த குரலும் செல்லாது.

எரிச்சலான விதிதான். ஆனால் குறை சொல்ல மாட்டேன். வேறொரு நிலையத்தில் அரைகுறையாகப் படித்த ஒருவன் தனியாக மயக்கம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். படுத்தவர் எழவே இல்லை. அதற்குப் பிறகு வந்த விதி இது.

தனி உரிமத் தேர்வில் நான் தேறிவிட்டேன். உமையாள் கையெழுத்து மட்டும் பாக்கி. கேட்டால், இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்கிறார். கறார் பேர்வழி. காப்பிக்குச் சர்க்கரைகூட அளந்துதான் போடுவார்.

நாள் 419, பகல் 12:20

உமையாளுக்கு நேற்றிலிருந்தே வயிற்று வலியாம். வாயுத் தொல்லை என்று மறைத்திருக்கிறார். டாக்டர்கள் எல்லாரும் இப்படித்தான். அறுவை மருத்துவர் காதர் மைதீன் ஸ்கேன் பார்த்தார். குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருக்கிறது. உடனே திறக்க வேண்டும்.

நிலையத்தில் இருக்கும் ஒரே மயக்கவியல் மருத்துவர் அவர்தான். அவரையே தூங்கவைத்தால் மேற்பார்வை யார்? காதர் கணக்கில் சேர மாட்டார். வெட்டுகிறவரே மயக்கத்தையும் கவனிக்கக் கூடாது. மருந்துப் பெட்டியை உடைத்துவிடலாம் என்றார் காதர். உடைத்தால் உள்ளே இருக்கும் மருந்தெல்லாம் பாழாகும். திருட்டுக்குப் பயந்து செய்த ஏற்பாடு.

வழி சொன்னதும் உமையாள்தான். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் அடிவயிறு மரத்துப்போகும், அவர் விழித்திருப்பார். தன் மயக்கத்துக்குத் தானே மேற்பார்வை. அரங்க ஒலிப்பதிவிலிருந்து:

காதர்: "மேடம், அந்தக் கையெழுத்த இப்பவே போட்டுருங்க. பூமிக்கு அனுப்பி வைப்போம். எதுக்கும் இருக்கட்டும்."

உமையாள்: "சாகப் பயந்து அவளுக்குத் தகுதி இருக்குன்னு எழுதச் சொல்றீங்களா? எப்பப் போடணும்னு எனக்குத் தெரியும். ஜெபா, நீ ஊசிய எடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊசியை எடுத்தேன்.

மாலை 16:05

முதல் முயற்சியிலேயே ஊசி சரியாக இறங்கியது. உமையாள் "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

திறந்து பார்த்தால் சீழ் ஈரல் வரை ஏறியிருக்கிறது. மரத்துப்போன இடம் அதற்கு வெகு கீழேயே முடிந்துவிட்டது. மரப்பை அதற்கு மேலே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். காதரின் கை மேலே போனதும் உமையாள் அலறிவிட்டார். முழு மயக்கம் தவிர வழியில்லை.

"போடு" என்றார். போட்டேன். தூங்கினார். திரை சிவந்தது: மேற்பார்வையாளர் விழிப்பில் இல்லை. மருந்து மூடிக்கொண்டது. சில நிமிடத்தில் கண் திறந்தார். வயிறு திறந்தே கிடந்தது.

அப்போதுதான் உரிமப் படிவத்தைக் கேட்டார். நான் பலகையைப் பிடித்துக்கொள்ள, "தகுதியானவள்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். கோணல்மாணலான எழுத்து. அதைப் பார்த்து அழுதுவிட்டேன். விண்வெளி மருத்துவ மன்றத்துக்கு உடனே அனுப்பினோம். பூமிக்குப் போய்ப் பதில் வர மூன்று மணி நேரம் ஆகும். காதர் துணி வைத்து வயிற்றை மூடியிருக்கிறார். தூங்கிவிடாத அளவுக்கு மட்டும் வலி மருந்து கொடுக்கிறேன். அது போதவில்லை.

இரவு 19:15

மன்றத்தின் பணி அலுவலர் தணிகாசலம் அனுப்பிய செய்தி, அப்படியே:

"அம்மா, விண்ணப்பம் வந்த உடனே எடுத்துப் பாத்தோம். தலைவர் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டாச்சு. டாக்டர் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே அவங்க உடம்புல மயக்க மருந்து ஏறியிருக்குன்னு உங்க இயந்திரம் காட்டுது. அந்த நிலையில போட்ட கையெழுத்து செல்லாதும்மா. உங்களுக்குத் தெரியாததில்ல. மருந்து முழுசா இறங்கட்டும், ஒரு நாள் கழிச்சுத் திரும்பப் போட்டு அனுப்புங்க, உடனே பாஸ் பண்ணிடுறோம். மன்னிச்சிருங்கம்மா."

தெரியாததில்லைதான். மயக்கம் தெளியாத நோயாளியிடம் கையெழுத்து வாங்க வந்த சொந்தக்காரர்களை நானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். தணிகாசலம் இருக்கும் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் தாங்க முடியவில்லை. பகலில் போட்டிருந்தால் செல்லுபடியாகியிருக்கும்.

ஒரு நாள் தாங்காது என்கிறார் காதர். உமையாளிடம் பதில் இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன்.

இரவு 20:40

ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. காதர் இனிக் காத்திருக்க மாட்டார். ஏற்பாடு இதுதான். உமையாள் "போடு" என்பார். தூங்குவார். மருந்து மூடும். அவர் கண் திறக்கும் வரை காதர் உள்ளே கழுவுவார். திறந்ததும் மறுபடி "போடு". ஒலிப்பதிவு:

உமையாள்: "பதில் வந்துருச்சுல்ல? உன் மூஞ்சியே சொல்லுது. சரி விடு. போடு."

காதர்: "கொஞ்சம் பொறுத்துக்குங்க மேடம். தோ, முடிஞ்சுரும்."

உமையாள்: "போடு ஜெபா... போடு."

20:58

மறுபடி கண் திறந்தார். என்னையே பார்க்கிறார். வாய் அசைகிறது, சொல் வரவில்லை. கத்தல்தான் வருகிறது.

சொல்லுங்க டாக்டர். ஒரே ஒரு சொல்.

இயந்திரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது: மேற்பார்வையாளர் விழிப்பில் இருக்கிறார், சம்மதம் தெரிவிக்கவும். கத்துவதை அது சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. நான் "போடு" என்று சொல்லிப் பார்த்தேன். உரிமம் இல்லை என்கிறது.

காதர் பாதிகூடக் கழுவவில்லை. நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினால் செத்துப்போவார் என்கிறார், அழுதுகொண்டே கழுவுகிறார். உமையாள் மேசையிலிருந்து எழப் பார்க்கிறார்

எழுதுவதை விடுகிறேன். அவரை அழுத்திப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்