தொண்டை இல்லாத பாடகி

உன் மகள் நேற்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் உன் வீடியோ கேம் பெட்டியை என் கையில் வைத்தாள். "உங்களாண்டயே இருக்கட்டும் அங்கிள்." பொத்தான் இடுக்கில் இன்னமும் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் ஆயில் நெடி. நீ போய் ஒரு மாதம் ஆகப் போகிறது. நெடிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஊர் திரும்பிய ஜப்பான் எஞ்சினியர் உனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. திரையில் ஒரு பொம்மைப் பெண் ஆடிக்கொண்டே பாடுவாள். பறந்து வரும் வட்டங்கள் கோட்டைத் தொடும் நொடியில், தாளம் தப்பாமல் பொத்தானை அமுக்க வேண்டும். நரைத்த மீசையோடு கம்பெனி பஸ்ஸில் நீ அதை ஆடியபோது சிரிக்காத ஆளில்லை. முதலில் சிரித்தவன் நான். சத்தத்தை மட்டும் நீ வைக்கவே மாட்டாய். ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர்களுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். பிரஸ் லைன் உன் காதைத் தின்றுவிட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அவ நெஜ ஆளே கிடையாதுடா, கம்ப்யூட்டர் செஞ்ச குரலாம்," என்றேன், உதட்டசைவில்.

"எனக்குக் காது இல்ல, அவளுக்குத் தொண்டை இல்ல. நல்ல ஜோடிதான்டா," என்றாய்.

பாட்டின் வரிகள் ஜப்பானிய எழுத்தில் ஓடும். "இன்னா பாடுறா, சொல்லு," என்று முழங்கையால் இடிப்பாய். எனக்கு மட்டும் என்ன தெரியும்? உன் பக்கம் முழுதாகத் திரும்பி, வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் அவிழ்த்துவிடுவேன்: சூப்பர்வைசர் தலையில் இருப்பது விக்காம், மழை நாளில் அதற்கும் சேர்த்துக் குடை பிடிக்கிறாராம். அவர் முன் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். ஆளை எதிரில் வைத்துக்கொண்டு வம்பு பேசும் அந்தச் சுகம் உன்னோடு போயிற்று.

வருடா வருடம் கம்பெனிக்கு வரும் மருத்துவ வேன் என்றால் உனக்கு ஆகாது. காது போனது தெரிந்தால் லைனைவிட்டு எடுத்துவிடுவார்கள். "பிரஸ் அடிக்கிறது எனக்கு உள்ளங்கால்ல கேக்கும்டா. பேக்கிங்ல தூக்கிப் போட்டா அங்க இன்னா கேக்கும்?" என்றாய்.

ஒலி கேட்கும்போது பொத்தானை அமுக்க வேண்டும், அதுதான் சோதனை. பொம்மைப் பெண்ணிடம் பழகிய விரலாயிற்றே என்று தைரியமாக உள்ளே போனாய். ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, தாளக்கட்டோடு அமுக்கித் தள்ளினாய்.

"அண்ணா, நான் இன்னும் மெஷினையே ஆன் பண்ணல," என்றது நர்ஸ் பெண்.

வெளியே வரிசையில் நின்ற நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ அமுக்கிக்கொண்டே இருந்தாய். அப்போதுதான் எங்கள் சிரிப்பு நின்றது.

அடுத்த வாரமே பேக்கிங். "மெஷினே ஓடாம நூத்துக்கு நூறு எடுத்தவன் நான் ஒருத்தன்தான்," என்று கேன்டீனில் நீயே சொல்லிச் சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு ஆட்கள் உன்னிடம் பேசுவது குறைந்தது. கையைக் காட்டினார்கள், தோளைத் தட்டினார்கள். "இவனாண்ட எவன் கத்துறது" என்று உன் எதிரிலேயே சொன்னார்கள். உதட்டைப் படிக்கிறவனுக்கு அது கேட்காமலா இருக்கும்?

நேற்று உன் மகள், "அந்தப் பாட்டுக்கெல்லாம் அப்பா எங்களுக்கு அர்த்தம் சொல்வாரு அங்கிள். யாரோ விக்குக்குக் குடை புடிக்கிறாருன்னு," என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அதெல்லாம் நான் உட்ட புளுகும்மா."

"அப்பாக்குத் தெரியும். 'முழுக்கப் புளுகுறான். ஆனா என் மூஞ்சியப் பாத்துப் புளுகுறான்'னு சொல்வாரு."

ஒரகடம் வரும் ஷேர் ஆட்டோவில் முதல் முறையாகச் சத்தத்தை வைத்தேன். பிஞ்சுக் குரல், லேசாக மூக்கடைப்பு. உன்னிடம் சொல்லியிருந்தால் ஜலதோஷத்துக்குக் கஷாயம் கேட்டிருப்பாய்.

பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "இன்னா சார் பாட்டு இது?" என்றார். நான் முழுதாக அவர் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னேன். வீட்டிலும் நான் இப்படித்தான் பேசுகிறேன் என்று புகார்.

"சார், எனக்குக் காது நல்லாவே கேக்கும்," என்றார்.

தெரியும் என்றேன். அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.