எந்த மஞ்சள்?

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட ஆசைதான், ஆனால் உன்னிடம் அது எடுபடாது. அப்பாவைத் தவிர மற்றவர்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்தத் தையல் ஆலையில் உனக்குக் கீழே இருக்கும் பெண்கள் இப்போதாவது உன் பேச்சைக் கேட்கிறார்களா. நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு என்ன கடிதம் என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே சரிம்மா சரிம்மா என்று கத்தரித்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி உன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாளாயிற்று, அதனால் சும்மா விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு நுரையீரலில் கோத்த நீரை எடுக்க எடுக்கத் திரும்பவும் கோத்துக்கொள்கிறது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. உன் அத்தை வந்து தங்கியிருக்கிறாள், ஒத்தாசைக்குத்தான், ஆனால் சமையலறையைக் கைப்பற்றிவிட்டாள், உப்பு டப்பாவைக்கூட நான் அவளிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் ராத்திரியில் அப்பாவை நிமிர்த்தி உட்கார வைக்க இன்னொரு கை வேண்டியிருக்கிறதே. உன்னைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டாய் என்றதும் எனக்கும் பாதி உயிர் வந்தது. அப்புறம் நீ ஒரு வார்த்தை சொன்னாய், வந்த உயிர் திரும்பப் போயிற்று. "ஊசியெல்லாம் ஆச்சும்மா, மஞ்சளுக்கும் போட்டாச்சு" என்றாய். எந்த மஞ்சள் என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது, அப்புறம் கிடைக்கவே இல்லை.

விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் குவாரண்டைன் விடுதியை நீ வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாய். மஞ்சள் காய்ச்சல் இருக்கிற நாடுகளிலிருந்து ஊசி போடாமல் வருகிறவர்களை ஆறு நாள் அங்கேதான் அடைத்து வைப்போம். கொசு கடித்துத்தான் அது பரவும் என்பதால் எல்லா ஜன்னலுக்கும் கம்பி வலை, வாசலுக்கு ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கதவு. விரிப்பு மாற்றுவதும், இருட்டுவதற்கு முன் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் என் வேலை. அங்கே போன வருஷம் ஒரு பெண் வந்தாள், உன் வயசுதான் இருக்கும், அவளும் நீ இருக்கிற பக்கத்திலிருந்துதான் வந்தாள். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று ஓடி வந்தவள். ஊசி போட்டதற்குச் சீட்டும் கையில் இருந்தது, ஆனால் அது மஞ்சள் காமாலைக்குப் போட்டது. காமாலை வேறு, இந்தக் காய்ச்சல் வேறு. யாரோ மஞ்சளுக்கு ஊசி போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறார்கள், அவளும் போய் மஞ்சளுக்கென்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவள் வீடு நாலு தெரு தள்ளித்தான். நடந்தே போய்விடலாம். உள்ளே வந்த மூன்றாம் நாள் அவள் அம்மா போய்விட்டாள். வீட்டார் அந்த அம்மாவை ஏற்றின வண்டியை எங்கள் ரோடு வழியாகக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள், அவள் மாடி ஜன்னலிலிருந்து வண்டியின் கூரை மட்டும்தான் தெரிந்தது. அவள் நெற்றியை வலையில் அழுத்திக்கொண்டு நின்றாள். அழவில்லை. "மஞ்சளுக்குத்தானே போடச் சொன்னாங்க, மஞ்சளுக்குத்தானே போட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி போன பிறகும் சொன்னாள். வேலை நேரம் தவிர உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன், அவள் தோளைத் தொடக்கூட முடியவில்லை.

செத்தவர்கள் பேயாக வருவார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவள் எங்கோ உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் அந்த அறையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறாள். அந்த ஜன்னல் வலை நெற்றியளவுக்கு வெளியே புடைத்திருக்கிறது. நான் உள்ளங்கையால் அழுத்திச் சமமாக்கிவிட்டு வருவேன், மறுநாள் சாயங்காலம் போனால் திரும்பவும் புடைத்திருக்கும். வெயிலுக்குக் கம்பி விரியுதுக்கா என்கிறார் காவலாளி, அப்படியே இருக்கட்டும். ஆனால் மற்ற ஜன்னல்களுக்கும் அதே வெயில்தானே அடிக்கிறது. நேற்று உன் போன் வந்த பிறகு அங்கே விரிப்பு மாற்றப் போனேன், முதுகுக்குப் பின்னால் மஞ்சளுக்குத்தானே என்று கேட்டது. குரல் உன்னுடையதாக இருந்தது. விரிப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறதடி.

அதனால் வேலையெல்லாம் அப்புறம், முதலில் உன் சீட்டை எடுத்துப் பார். ஒரே ஒரு ஊசியா, அல்லது மாதம் விட்டு மாதம் வரச் சொல்லி இரண்டு மூன்று போட்டார்களா? இரண்டு மூன்று என்றால் அது காமாலை ஊசி. காய்ச்சல் ஊசி ஒன்றுதான், அதற்கு அனுமதி வாங்கிய இடத்தில் போட்டு முத்திரை வைத்துத் தருவார்கள், உன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் செல்லும். ஒருவேளை மாறித்தான் போட்டிருந்தாய் என்றால், இப்போது போட்டுக்கொண்டு பத்து நாள் அங்கே காத்திருக்காதே. ஊசி இல்லாதவர்களையும் ஏற்றிக்கொள்கிறார்களா என்று விமானக் கம்பெனியில் கேட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிடு. ஆறு நாள் எங்களிடம் இரு, பத்தைவிட ஆறு குறைவுதானே. உன் அத்தை, நீ அங்கதானே வேலை பார்க்கறே, பின்பக்கமா கூட்டிட்டு வந்துட மாட்டியா என்று கேட்டுவிட்டாள். உன்னிடம் சொல்லிவிடுகிறேன், மாட்டேன். அந்தப் பெண்ணுக்குத் திறக்காத கதவை உனக்குத் திறந்தால் அப்புறம் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், நீ என்னைத் திட்டிக்கொண்டே இரு, நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

எதுவும் ஆகாது, நல்லபடியாக வந்து சேர்வாய். உன் வழியெல்லாம் சுகமாக இருக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும், விமானத்தில் குளிரும், சால்வையை மேலேயே வைத்துக்கொள். இதைப் படித்த கையோடு சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. அப்பா ஜன்னலோரமாகப் படுத்துக்கொண்டு, தெருவில் எந்த வண்டி நின்றாலும் வந்துட்டாளா என்கிறார். ஏரோப்ளேன் ஏறிட்டா, வந்துக்கிட்டே இருக்கா என்று நீ டிக்கெட் போடுவதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டேன். இவ்வளவு நேரமா ஒரு பிள்ளையைப் பறக்கவிடுவாங்க என்று இன்று காலையில் கேட்டார்.

உன் பதிலுக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா